காப்பு கட்டிய வெள்ளிக்கிழமை

இராஜபாளையம், பூக்குழிக்கு மறுநாள்

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெயசித்ரா எழுதுகிறேன். அத்தையும் நானும் சுகம். அந்தப் பனிமலையில் எல்லைக்காவல் நிற்கும் நீங்களும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. நான் பெங்களூர் போக வேண்டியதில்லை! அன்று போனில் நான் அழுததைக் கேட்டுப் பயந்திருப்பீர்கள். உங்கள் குரல் கேட்ட சந்தோஷம் பாதி, வேலைக் கவலை பாதி. சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

நான் எழுதிய புரோகிராம் ஒரு வாடிக்கையாளரிடம் திடீர் திடீரென்று செயலிழந்து விழுந்துகொண்டிருந்தது. மாதக் கடைசிக்குள் காரணம் கண்டுபிடிக்காவிட்டால் பெங்களூர் ஆபீசுக்கே வந்து உட்கார வேண்டும் என்று மேனேஜர் பிரிஸ்கில்லா மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். சர்க்கரை வியாதிக்கார அத்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்?

நெட்வொர்க்கில் வரும் தகவல் பாக்கெட்டுகளைப் பிரித்து அனுப்புகிற புரோகிராம் அது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு டைமர் வைப்போம். பதில் வராமல் நேரம் முடிந்தால் டைமரே அந்த இணைப்பை முடித்துவைக்கும். பதில் முன்னாலேயே வந்துவிட்டால் டைமரை நிறுத்திவிட்டு, இணைப்புக்கு கம்ப்யூட்டர் நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தை நானே காலி செய்துவிடுவேன். கோளாறு அதில்தான் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

உங்கள் போன் வராத நாட்களில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்கித் தீ மிதிக்கக் காப்பு கட்டுவதாக அத்தை நேர்ந்திருந்தார்கள். வெள்ளி காலை அவர்கள் பஸ் ஏறிய பிறகு நீங்கள் பேசினீர்கள். உடனே அத்தைக்குப் போன் போட்டு, உங்க மகன் பேசிட்டாக, காப்பு கட்டாம வந்துருங்க என்று கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டேன். சந்தோஷத்தில் கோழிக்குழம்பும் வைத்தேன்.

அத்தை கையில் மஞ்சள் கயிற்றோடு வந்து வாசலில் நிற்கிறார்கள். விரத வீடு முழுக்கக் கறி வாசனை! கட்டிக்கிட்டு இருக்கையில நிறுத்துன்னா எப்படி ஏட்டி நிறுத்துவேன், என்ன ஆச்சுன்னு செத்த நேரம் கேக்கமாட்டியா என்று வாய் ஓயாமல் ஏசினார்கள்.

சட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அடுப்படியைக் கழுவும்போதுதான் பொறி தட்டியது. டைமரையும் நான் நிறுத்தச் சொல்வதோடு சரி, அது என்ன பதில் தருகிறது என்று பார்த்ததே இல்லை. பிராசசருக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் இன்னொன்று அந்த டைமரின் வேலையை ஏற்கெனவே தொடங்கியிருந்தால், நிறுத்த முடியாது என்றுதான் பதில் வரும். நானோ அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே அந்த இடத்தைக் காலி செய்துவிடுகிறேன். விழாமல் என்ன செய்யும்? இப்போது அப்படிப் பதில் வந்தால் இடத்தைத் தொடாமல் விட்டு, அது முடித்த பிறகே காலி செய்யும்படி மாற்றிவிட்டேன். அப்புறம் ஒரு தடவைகூட விழவில்லை. ஊரிலேயே இருந்து வேலை பார் என்று மேடம் சொன்னதும் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நேற்று அத்தை பூக்குழி இறங்கினார்கள். டாக்டர் வேண்டாம் என்றார், கேட்டால்தானே! வேடிக்கை பார்த்த எனக்குத்தான் உயிர் போய்வந்தது. பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், ஒரு கொப்புளம்கூட இல்லை. இனியாவது நிம்மதியாக இருங்கள் என்றேன். குரல்தான் ஏட்டி வந்துச்சு, எம்புள்ள இன்னும் வரலையே என்றார்கள். அடுத்த வருஷத்துக்கும் நேர்ந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

லீவுக்கு எழுதிக் கொடுங்கள் அத்தான். அவர்களை வேண்டாமென்று தடுக்க எனக்கு வாய் வரவில்லை. கூடவே நானும் நேர்ந்துகொண்டேன்.

அம்மன் துணையிருப்பாள்.

உங்கள் வரவு பார்த்திருக்கும்,
ஜெயசித்ரா