நூலின் மேல் போட்ட பழி

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம், விமானத்தைத் தவிர. அங்கே என் தங்கச்சி உன்னைச் சகித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்தது. பஞ்சுக்குள் பஞ்சு, அதற்குள் இன்னொரு பஞ்சு என்று நீ சுற்றியிருந்ததைப் பார்த்து, என் வீட்டுக்காரி, அதாவது உன் பாசமுள்ள அக்கா, உள்ளே ஏதோ வைர அட்டிகை இருக்கிறது என்று கிட்டே வந்து நின்றாள். உள்ளங்கை நீள மாதிரி விமானமும் அதற்கு இரண்டு அடுக்கு இறக்கையும்தான் என்று தெரிந்ததும், "ஒரு அடுக்கையே உங்க ரெண்டு பேரால உருப்படியா ஒட்ட முடியாது, இதுல மாடி வேற கட்டறீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மேல் இறக்கையில் நீ போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு இடத்திலாவது கசிந்திருக்காதா என்று ஆசையோடு தேடினேன். ஏமாற்றிவிட்டாய். விடுதி அறையில் இந்த விமானம் செய்கிற வேலையைத் தொடங்கியதிலிருந்து நம் ஒப்பந்தம் இதுதானே: வண்ணம் உனக்கு, இறக்கைகளுக்கு நடுவில் கட்டும் நூல் எனக்கு. அந்த வயதில் மற்றவர்கள் பெண்களிடம் நூல் விட்டுப் பார்த்தார்கள். நான் விமானத்துக்கு விட்டேன். கண்காட்சியில் உன் வண்ணத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள், குனிந்து என் நூலைப் பார்த்ததும் வாயைப் பிளப்பார்கள். பிளந்த வாயைப் பார்த்தால் ஒரு பல் டாக்டருக்கு வருகிற ஆனந்தம் உனக்குப் புரியாது.

இனி கெட்ட செய்தி. நூலைச் செருகுவதற்காக மேல் இறக்கையின் அடியில் துளைகள் போட்டேன். பாதி ஆழத்தில் நிற்க வேண்டிய துளைகளில் ஒன்று மறுபக்கம் வந்துவிட்டது. ஆமாம், உன் சிவப்புக் கோட்டின் நடுவில்தான். டிரில் வழுக்கிவிட்டது. நீ திட்டி எழுதப்போவதைப் படிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறேன்.

நூலும் சரியில்லை. அதே நைலான், அதே கடை. ஆனால் கம்பெனிக்காரன் எதையோ மாற்றிவிட்டான். துளைக்கு நேரே கொண்டுபோனால் பாம்புக்குட்டி மாதிரி தலையை ஆட்டுகிறது. மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். மாடி வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளேயே நடப்பதற்கு ஒரு இயந்திரம் வாங்கியிருக்கிறார். அதன் அதிர்வுதான் என்று சண்டைக்குப் போனேன். "சார், வாங்கின நாள்லேர்ந்து அதுல துணிதான் காயுது" என்றார். கடைசியில் மூக்குக் கண்ணாடியை மாற்றினேன். இப்போது நூல் ஆடுவது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

வீட்டில் வேறு திடீர்ச் சிக்கனம். எனக்குக் காப்பி அரை டம்ளர்தான் வருகிறது. உன் அக்காவுக்கு மட்டும் நுரை ததும்ப முழு டம்ளர். நியாயம் கேட்டால், "வேணும்னா இன்னொரு தடவை வாங்கிக்குங்க" என்கிறாள். வாங்கிக்கொள்கிறேன். அதுவும் அரை டம்ளர்.

கிளினிக்கில் என் உதவியாளரை உனக்கு ஞாபகம் இருக்கும். ஆள் சின்னது, வெடித்தால் எங்கே தெறிக்கும் என்று தெரியாது. நீதானே அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தாய். அவள் கொஞ்ச நாளாக என் முழங்கைக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வைக்கிறாள். கேட்டால், "சொகுசா இருங்க டாக்டர், வயசாகுதுல்ல" என்கிறாள். போன வாரம் மளிகைக் கடைக்காரருக்கு மரத்துப்போகும் ஊசி போடும்போது என் முழங்கையையே பிடித்துக்கொண்டாள். முறைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசி முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, மளிகைக் கடைக்காரர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

உன் மகள் வந்திருந்தாள். கடைவாய்ப் பல்லை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பல்லும் நிற்கிறது, அது மட்டும் அப்பாவைப் போலவே படுத்தே கிடக்கிறது. அதன் வேர், கீழ் உதட்டுக்குப் போகும் நரம்பின் மேல் சாய்ந்திருக்கிறது. நடுவில் ஒரு நூல் போகிற இடம்தான். எடுக்காமலும் விட முடியாது, அடிக்கடி வீங்குகிறது. நரம்பில் பட்டுவிட்டால் உதடு நிரந்தரமாக மரத்துப்போகலாம்; ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறாயா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "நீங்க எடுக்கறதா இருந்தா எடுங்க மாமா, இல்லன்னா இந்த வீக்கத்தோடயே நியூஸ் படிச்சுக்கறேன்" என்று சிரித்தாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை என்று முடிவாகிவிட்டது.

'உன் கையில்தான் அவளை ஒப்படைக்கிறேன்' என்று நீயும் எழுதியிருக்கிறாய். அந்த இறக்கையையும் அப்படித்தான் ஒப்படைத்தாய்.

வேறொன்றும் விசேஷம் இல்லை. நல்ல நூல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து எழுது.

இப்படிக்கு,
நூல்காரன்

திங்கட்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே விமானம் நலம்.

நீ அனுப்பிய எலாஸ்டிக் நூல் போன வாரமே வந்துவிட்டது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'இதைப் போட்டுப் பார்.' அவ்வளவுதான். உன் பிரஷ்ஷை நான் தொட்டதற்கு ஒரு பரீட்சை முழுக்க என்னோடு பேசாமல் இருந்தவன் நீ. சிவப்புக் கோட்டில் ஓட்டை போட்டவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமாவது ஒரு வசவு இருக்காதா என்று. இல்லை. பல் டாக்டர் கையில் டிரில் வழுக்காது என்று உனக்குத் தெரியாதா என்ன?

அதன் பிறகு நீ ஓயாமல் போன் செய்ததையும் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. என் கையெழுத்துக் கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்பாயே, இப்போது கோழிக்குஞ்சு கிளறின மாதிரி இருக்கிறது பார். இதற்குப் பேனா மேல் பழி போடலாம். குரலுக்கு எதன் மேல் போடுவது?

எலாஸ்டிக் நூலைக் கட்டினேன். மானம் மரியாதையை எல்லாம் விட்டுவிட்டுத்தான் கட்டினேன். நைலான் என்றால் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் எதிர்ப்பக்கத்து நூல் தொய்ந்துவிடும், இறக்கை கோணிக்கொள்ளும். இது அப்படியில்லை. ஒரு முனையை ஒட்டி, இழுத்து, மறுமுனையை எப்படியோ கொண்டுபோய்த் தொட்டால் போதும். தானே சுருங்கி நேராகிவிடுகிறது. எத்தனை முறை குறி தவறினாலும் கோபித்துக்கொள்வதில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் எல்லா நூலும் விறைப்பாக நிற்கின்றன. கட்டியவன் எப்படிக் கட்டினான் என்று யாராலும் சொல்ல முடியாது.

தலைகால் புரியாமல் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடி உன் அக்காவிடம் காட்டினேன். "பார்த்தியா, குத்தம் நூல்லதான், என்கிட்ட இல்ல" என்றேன். அவள் வாங்கி மேசை மேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அழகா இருக்கு. பல்லுக்கும் எலாஸ்டிக் இருக்குங்களா?" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து எந்தக் கேள்விக்கும் எதிர்க்கேள்வி போட்டே காலத்தை ஓட்டியவன் நான். இந்த முறை பேச்சை மாற்றலாம் என்று, அந்த அரை டம்ளர் விஷயத்தைக் கேட்டேன். "முழுசா ஊத்தினா மிச்சத்தைத் தரைதானே குடிக்குது? தரைக்கு எதுக்குச் சக்கரை போட்டு?" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் சேர்ந்து ஆடின.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, மாப்பிள்ளை. காப்பி டம்ளருக்குத் தெரியும், கடுகின் தலையணைக்குத் தெரியும், துணி காயும் அந்த இயந்திரத்துக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் ஒருவன்தான் நூலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி அந்த எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒட்ட வேண்டும். செய்தியை விடு. அப்பா, அம்மா, மாமா, நம்மை அவள் கூப்பிடுவதே அந்த உதட்டால்தான்.

ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை அவள் என் நாற்காலியில் உட்காரக் கூடாது. இதை அவளிடம் சொல்லத்தான் நேற்று போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்களை நம்பி, பல் எடுத்த மறுவாரமே டியூட்டி போட்டுட்டேன் மாமா" என்றாள். போனிலேயே பல்லைக் காட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். சிரிக்கவே மாட்டார், நான் ஒரு ஜோக் சொன்னபோது கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் கை கல் மாதிரி நிற்கும். எக்ஸ்ரேயை அவரிடம் கொடுத்துப் பேசிவிட்டேன். அதே வெள்ளிக்கிழமை, அதே காலை நேரம். நீதான் உன் மகளிடம் சொல்ல வேண்டும். பொய் சொன்னாலும் சரி, உள்ளதைச் சொன்னாலும் சரி. நீ சொன்னால் அது செய்தி. நான் சொன்னால் ஒப்பாரி ஆகிவிடும். இதை நாளையே கூரியரில் போடுகிறேன். கிடைத்த உடனே அவளைக் கூப்பிடு.

அன்று காலை அவளோடு ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காரவும் என்னால் முடியாது. அதே நேரத்துக்கு உன் அக்கா என்னை நரம்பு டாக்டரிடம் இழுத்துப் போகிறாள். கடுகும் வருகிறாளாம். நான் பாதி வழியில் இறங்கி ஓடிவிடுவேன் என்று இருவருக்கும் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்.

விமானம் மேசை மேலேயே இருக்கிறது. சிவப்புக் கோட்டில் இருக்கிற ஓட்டையை நான் தொடவில்லை. அந்தச் சிவப்பைக் கலக்க உனக்குத்தான் தெரியும். பார்சலில் அனுப்பலாம் என்றால் நூல் தாங்காது. எலாஸ்டிக் நூல் எந்தப் பார்சலையும் தாங்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் தாங்காது என்றே எழுதுகிறேன். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நீ வா. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்தால் இன்னும் நல்லது.

குழந்தைக்கு ஒரு குறையும் வராது. அவள் வாய் நிறைய நம்மைக் கூப்பிட்டுக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னமும் உன் நூல்காரன்