எத்தனை நாற்காலி போடுவது

கிடங்கிலிருந்து இரும்பு மடக்கு நாற்காலிகளைத் தூக்கிவந்து சுவரோரம் சாய்த்துவிட்டு, "எத்தனை விரிக்கட்டுங்கம்மா?" என்றார் வாட்ச்மேன். துருவும் காப்பிக்கொட்டைத் தூசியும் சேர்ந்த வாசம் மூக்கில் ஏறியது. நாளைக்கு நம் காப்பி விவசாயிகள் சங்கத்தில் கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ. நீ பார்த்த வேலைக்குத்தான். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம்கூட முழுதாக முடியவில்லை, அதற்குள் உன் மேசைக்கு ஆள் தேடுகிறோம் பார்.

நீ இந்த வேலைக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். அதற்குச் சில வாரம் முன்னால், ஏற்காடு பஜாரில் ஒரு லாட்ஜில் கணக்கெழுத ஆள் வேண்டுமென்று போனாய். இன்டர்வியூ எடுத்தவர் முதலாளி ஒருவர்தான். கதவைச் சாத்தச் சொன்னாராம். போன வேகத்தில் திரும்பி வந்து, என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாய். "கையப் புடிச்சுட்டான் புள்ள. உதறிட்டு ஓடியாந்துட்டேன். எங்க ஊட்டுல யார்கிட்டயும் சொல்லிராத" என்றாய். புருஷனை இழந்து, கைக்குழந்தையோடு குப்பனூரில் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவள் நீ. அண்ணிக்குத் தெரிந்தால் உன்னைத்தான் குற்றம் சொல்வாள். சொந்தச் சம்பளம் வந்தால்தான் அந்த வீட்டைவிட்டு நீ வெளியே வரமுடியும்.

அப்போது நான் சங்கத்தில் டைப்பிஸ்ட். இங்கே வேலை காலி என்று சொன்னதும் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "ஒருத்தரா உக்காந்து கேக்க மாட்டாங்கள்ல?" உடனே தலைவரிடம் போய், கூட ஆள் இருந்தால் தேவலை என்றேன். நல்ல மனிதர். "அதுக்கென்ன கண்ணு, தாராளமா இருக்கட்டும்" என்றார். ஆனால் நம் மலையில் ஒரு ஊரைக் கூப்பிட்டு இன்னொரு ஊரை விட முடியுமா? மஞ்சக்குட்டைக்காரர் வந்தால் மற்ற ஊர்க்காரர்களும் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மனஸ்தாபம். பதினோரு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். பஞ்சாயத்து கூடின மாதிரி இருந்தது. நான் காப்பித் தட்டோடு வாசலிலேயே நின்றேன்.

கணக்குக் கேட்டார்கள், டாண் டாண் என்று சொன்னாய். அப்புறம் ஓரத்திலிருந்த ஒருவர், "ஏங்கண்ணு, லாட்ஜ் வேலைக்குப் போயிட்டு வேண்டாம்னு வந்துட்டியாமே, ஏன்?" என்றார். விகல்பமில்லாமல்தான் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "அங்க ஒருத்தர்தானுங்க இருந்தாரு. கதவச் சாத்திட்டுக் கையப் புடிச்சாருங்க" என்றாய். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

வேலை கிடைத்தது. பதினோரு பேரும் ஒரே மனதாகச் சரி என்றார்கள். ஆனால் நீ சாயங்கால பஸ்ஸில் குப்பனூர் போய் இறங்கும் முன்பே சேதி அங்கே போய்விட்டது. உன் அண்ணன் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார். மறுநாள் குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாய். எத்தனையோ வருஷம் கழித்தும், சங்கத்தில் காப்பி மூட்டை போட வந்தவர்கள் உன்னைக் காட்டி "அந்த லாட்ஜ் பொண்ணு" என்று கிசுகிசுத்தார்கள். அந்த லாட்ஜ்காரப் பாவியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மாடிக்கு மேல் மாடி கட்டினார்.

ஒரே ஒரு தடவைதான் நீ அதைப் பற்றிப் பேசினாய். "ஒருத்தன் முன்னாடி பயமா இருந்துச்சு. பதினோரு பேரு முன்னாடி நொம்ப வெக்கமா இருந்துச்சு. பக்கத்துல நீ உக்காந்திருந்தா போதும் புள்ள எனக்கு."

இன்று இந்தச் சங்கத்துக்கு நான்தான் மேனேஜர். காலையில் தலைவர் வந்தார். அதே தலைவர்தான், வயதாகிவிட்டது, தாராளம் மட்டும் குறையவில்லை. "ஒம்பது பேரு உக்காரலாம் கண்ணு" என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் அந்த லாட்ஜ்காரரையும் சேர்த்தார். "நம்ம கட்டடத்துக்கு ஓடு வாங்கிக் குடுத்தவரு. டவுன்ல பெரிய மனுஷன். ஒரு நாற்காலி போட்டுரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இதே ரூம்ல அந்தப் புள்ள சொன்னது மறந்துபோச்சுங்களா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பழசையெல்லாம் எதுக்குக் கண்ணு கிளறிக்கிட்டு?"

மறக்கவில்லையடி அவர். மறந்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

"ரெண்டே பேருங்க. நானும் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவும். வேற யாருக்கும் நாற்காலி இல்லீங்க" என்றேன்.

"அவரு வருத்தப்படுவாரே. ஏன்னு கேட்டா என்னன்னு சொல்றது?"

"என்கிட்ட அனுப்புங்க. நான் சொல்றேன்."

சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். தலைவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு அந்த லாட்ஜ்காரரையே கூட அழைத்துக்கொண்டு வந்து நின்றாலும் நிற்பார். என் வேலைக்கே வினை வந்தாலும் வரும்.

மூன்று நாற்காலி போடச் சொன்னேன். இரண்டை மேசைக்குப் பின்னால் விரித்துவிட்டு, வருகிற பெண்ணுக்கான மூன்றாவதை, எப்போதும்போல, எதிரே நடுக்கூடத்தில் தனியாகப் போடப் போனார் வாட்ச்மேன். நான் வாங்கி, என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே போட்டேன். காற்றில் சாத்திக்கொள்ளாமல் கதவுக்கு ஒரு கல்லை அண்டக்கொடுத்தேன். வரப்போகிறவள் யாரோ, எனக்குத் தெரியாது. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தால் போதும் என்றாயே, நாளைக்கு உட்கார்ந்திருப்பேன்.