உன் நைட்டியின் மேல் எனக்குப் பொறாமை

எல்லாவற்றிலும் என்னை முந்திக்கொண்ட என் அக்காவுக்கு,

உன் மகள் நன்றாக இருக்கிறாள். கன்னம் உப்பிவிட்டது. மாமா கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் கைகழுவிவிட்டுத்தான் தூக்குகிறார். நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. செத்துப்போனவள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா?

குறைமாதத்தில் பிறந்ததால், சர்க்கரை பார்க்க அவள் குதிகாலில் அடிக்கடி குத்துவார்கள். நீ பால் கொடுத்தபடி இருந்தால் காலை இழுத்துக்கொண்டு ஒரு முனகல், அவ்வளவுதான். காய்ச்சலில் நீ போன பிறகும் குத்துவது நிற்கவில்லை. நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். "சட்டய தள்ளிட்டு, வெறும் மாரோட அணைச்சிக்கினு உக்காரும்மா. அப்பால குத்தறேன்."

அணைத்தேன். பேசினேன். சுண்டுவிரலைச் சப்பக் கொடுத்தேன். அவள் மூச்சுப் பிடித்துக் கத்தினாள்.

"அவங்க அம்மா கட்டின துணி எதுனா இருக்குதா? தொவைக்காதது?" என்றார் நர்ஸ்.

உன் மற்ற துணியெல்லாம் காரியத்தன்றே போய்விட்டன. ஆஸ்பத்திரிப் பையில் பூப்போட்ட நைட்டி மட்டும் பால்கறையோடு கிடந்தது. பெரியம்மா தடுத்தார். "செத்தவ துணிய பச்சக் கொழந்த மேல போடாத. ஆவாது." நான் கேட்கவில்லை, தோளில் போட்டுக்கொண்டேன். உன் மகள் என்னை விட்டு முகத்தைத் திருப்பி அந்தத் துணியில் மூக்கை அழுத்தினாள். குத்தியபோது லேசாகச் சிணுங்கியதோடு சரி.

எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு வயிறு எரிந்தது. கண்விழிப்பவள் நான், மூத்திரத்துணி அலசுகிறவள் நான், பாலாடையில் ஊட்டுகிறவள் நான். ஆறுதல் மட்டும் உன்னிடமா?

நேற்று கவரைப்பேட்டையில் தடுப்பூசி. நைட்டியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஊசி ஏறியதும் வீறிட்டாள். என் வீம்புக்கு இவளை வலிக்க விட்டேனோ என்று பதறிப்போய் இறுக்கி அணைத்தேன். கழுத்தில் மூக்கை வைத்துத் தேடினாள். அப்புறம் அடங்கிவிட்டாள்.

"அம்மா மேல பட்டதும் கம்முனு ஆயிட்சி பாரு," என்றார் ஊசி போட்டவர். நான் திருத்தவில்லை. பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் அழுதேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பேச்சு வந்து அவள் என்னை "அம்மா" என்று கூப்பிட்டால், உன் படத்தைக் காட்டி, "அம்மா இவங்க, நான் சித்தி" என்று சொல்லித் தருவேன். ஆனால் முதல் தடவை கூப்பிடும்போது மட்டும் பேசாமல் இருந்துவிடுவேன். அந்த ஒன்றை எனக்கு விட்டுக்கொடு அக்கா.

உன் மகளை மாரில் போட்டுக்கொண்டு இதை எழுதும்
உன் தங்கை