கியர் மாற்றத் தேவையில்லாத கார்

சனிக்கிழமை, இரவு

புதிதாக வாங்கிய காரில் சி.வி.டி. கியர்பொக்ஸ். கிளட்ச் இல்லை, கியர் மாற்றவும் தேவையில்லை. ஆனால் என் கணவர் ஓட்டும்போது மட்டும் குலுங்குகிறது. நான் ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகிறது.

"கியர்பொக்ஸ் பழுதாப் போட்டுது. இதிலை ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போக ஏலாது," என்று கராஜில் டெர்மின் எடுத்து நாளும் நேரமும் குறித்துவிட்டார்.

எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. இன்று பக்கத்தில் இருந்து, பாதையை விட்டுவிட்டு இவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். எஞ்சின் சத்தம் ஏறியதும் இடது கால் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை மிதித்தது. இத்தனை காலம் பழைய வேன் ஓட்டிய கால்.

"உங்கட இடது கால் என்ன செய்யுது எண்டு பாருங்கோ."

"அது சும்மாதானே கிடக்குது," என்றார். பொய் சொல்லும் முகமில்லை.

தன் கால் செய்வது ஒருவருக்குத் தெரியாமலா போகும் என்று யோசித்தபடி குனிந்தேன். பிரேக்கே இல்லாத என் பக்கத்தில், என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.