உதறாமல் மடித்த துணி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் இருமல் தேவலையா?

இங்கே ஜாவாவில், எங்கள் சோலார் பேனல்களுக்கு எதிரே இருந்த நிலக்கரி மின்நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். "பேனல் பெருகிச்சு, புகை ஒழிஞ்சுது" என்று மேலாளர் விருந்து வைத்தார்.

கூட வேலை செய்யும் தார்மின், "ஒழிஞ்சுதா, இடம் மாறிச்சா? ஒத்தைப் புகைபோக்கியப் பாத்துட்டு சொல்லாதீங்க சார்" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

முன்பு கரியாகிவிடும் பேனல் துடைக்கிற துணி, இப்போது வெள்ளையாகவே இருக்கிறது. ஆனால் நேற்று உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது, மடிப்பிலிருந்து கரித்தூள் என் மடியில் கொட்டியது. இங்கே பூட்டிய மின்நிலையத்தின் அதே நெடி.

சுலவேசியில் நம் வீட்டுப் பக்கம் புதிதாக ஏதாவது புகைகிறதா? நீங்கள் எழுதவே இல்லையே.

உங்கள் வெள்ளை முக்காட்டை ஒருநாள் கொடியில் போட்டு, உதறாமல் மடித்து அனுப்புங்கள். உங்கள் வாசனையும் அதோடு வரும்.

வேன் வந்துவிட்டது.

உங்கள் மகன் பாசோ

அந்த இருமல் எப்போது ஆரம்பித்தது, அம்மா?