மண் சரிந்த மலையும் புத்தகத்து இலாபமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் சுகம், உங்கள் இருமல் குறைந்ததா?

இன்று பொருளியல் பாடத்தில் மார்கிரட் டீச்சர், ஆபத்துக்குத் துணிந்து முதல் போடுவதால்தான் தேயிலைத் தோட்ட முதலாளிக்கு இலாபம் சேர்கிறது என்று வாசித்தார். நான் எழுந்தேன்.

"மண் சரிஞ்ச மறுநாளே எங்கம்மாவ அதே மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்புனாங்க டீச்சர். அந்த ஆபத்துக்கு என்ன லாபம்னு புத்தகத்துல போட்டிருக்கா?"

"வாய் நீளுது லூசியா. மன்னிப்புக் கேக்குற வரைக்கும் வெளிய நில்லு."

கேட்கமாட்டேன், அம்மா. அந்தப் புத்தகத்தை எழுதியவர் நம் மலையில் ஏறியதே இல்லை. கவலைப்படாதீர்கள், வராந்தாவிலும் பாடம் காதில் விழுகிறது, நம் எல்கடுவ மலையும் தெரிகிறது.

விடுதியில் படுக்கும் தரை குளிர்கிறது. கொழுந்தெடுக்கும்போது நீங்கள் இடுப்பில் கட்டும் பழைய படங்குச் சாக்கை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள் மகள் லூசியா.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.