காலை செட்டும் சாயங்கால ஆட்டமும்

இன்று காலை எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்ற வைக்கவில்லை. நம் சின்னவன் மணி இரவு மழையில் வாசலிலேயே விட்டுவிட்ட பந்தை எடுத்துத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவினேன். தோல் ஊறிக் கனத்திருந்தது. எண்ணெயும் ஈரத்தோலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எத்தனையோ வருஷம் இந்த வாடைதான். பந்துக்கு எண்ணெய் போடுவது உங்கள் வேலை. நீங்கள் போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. இன்றைக்குத்தான் முதன்முறையாக அதை நான் செய்தேன்.

அழுதேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கோபம்தான் வந்தது.

சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஞாயிறு தவறாமல் யாராவது ஓர் அப்பா, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலில் வந்து நிற்பார். பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த உங்களைக் காலனி முழுக்கக் கோச் என்றுதான் கூப்பிட்டது. சம்பளமில்லாத கோச். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. மைதானத்தில் காலையில் செட் என்று ஒரு டீம், சாயங்காலம் சும்மா ஆட்டம் என்று இரண்டு விதமாகப் பந்தாட்டம் நடக்கிறதே, பையனை எதில் விடுவது?

நீங்கள் அவசரமே படமாட்டீர்கள்.

"சாயங்கால ஆட்டம்னா செருப்பை ஓரமாக் கழட்டிப் போட்டுட்டு எறங்கிக்க வேண்டியதுதானுங்க. இந்தப் பக்கம் எத்தன பேரு, அந்தப் பக்கம் எத்தன பேருன்னு கணக்கே இல்ல. யாரு செயிச்சாங்கன்னு ஆடுனவனுக்கே தெரியாது. இருட்டுச்சுன்னா ஊட்டுக்கு. காலை செட்டு அப்பிடியில்லீங்க. அதுல பையன் மட்டும் சேர முடியாது, ஊடே சேரோணும். அம்மா விடியறதுக்குள்ள எந்திரிக்கோணும். மேச்சுன்னா ஈரோடு, கரூருன்னு அனுப்போணும். கண்ணாலம் காச்சின்னு ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போக முடியாது. தோத்துட்டு வந்தான்னா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். அதையும் தாங்கோணும்."

"அப்ப எதுங்க நல்லது?"

"ரெண்டுமே நல்லதுதானுங்க. பையனக் கேளுங்க. உங்க ஆசையச் சொல்லாமக் கேளுங்க."

உள்ளே காபி ஆற்றிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். பெருமையாக இருக்கும். புக்கிங் கிளார்க்கின் பையன் ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவை உட்கார வைத்துப் பேசி, அவனைச் சாயங்கால ஆட்டத்துக்கு மாற்றிவிட்டீர்கள். ஒரு வாரத்தில் அந்தப் பையன் தெருவில் விசிலடித்துக்கொண்டு போனான். ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் வயிறுவரை உங்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் மூத்தவன் செந்திலை யாரும் எதிலும் சேர்க்கவில்லை. அவனாகவே காலை செட்டுக்குப் போனான். யாரும் எழுப்ப வேண்டியதில்லை. சமையலறையில் அவன் தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டுத்தான் நான் விழிப்பேன். கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பதென்றால் அவனுக்கு உயிர். செம்மண்ணில் விழுந்து விழுந்து முழங்கையில் ஆறாத காய்ப்பு. பதினைந்து வயதில் அந்த மைதானத்தில் அவனைப் போல் கோல் காக்க ஆள் இல்லை. பெற்றவள் என்பதால் சொல்லவில்லை. ஈரோட்டு செட்டின் கோச் நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "இந்தக் கோலிய எங்களுக்குக் குடுத்துருங்க, பதிலுக்கு ரெண்டு பேரத் தர்றோம்" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள்.

அந்த வருஷம் இறுதி ஆட்டத்தைப் பார்க்க, விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பவர் மெட்ராஸிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. அவர் கண்ணில் பட்டால் விடுதியில் சாப்பாடு, படிப்பு, பிறகு டீம் வைத்திருக்கும் ஏதாவது ஓர் ஆபீஸில் வேலை. செந்தில் இரண்டு நாளாகச் சாப்பாட்டில் கவனமில்லாமல் திரிந்தான்.

ஆட்டத்தன்று காலை நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் கதவோரம் நின்று சொன்னீர்கள்.

"இன்னிக்கு செந்திலு வெளிய உக்காரட்டும்."

"ஏனுங்க, காய்ச்சலா அவனுக்கு?"

"அதெல்லாமில்ல. கோச்சு பையன்னுதான் உள்ள வெச்சான்னு ஒரு வார்த்தை வந்துறக்கூடாது. நம்மூட்டு விசேசத்துல நம்மாளுக மொதப் பந்தில உக்காருவாங்களா டீச்சரம்மா?"

எடப்பாடிப் பக்கத்தில் உங்கள் வீட்டு வழக்கம் அது. விருந்தாளிகள் எல்லாரும் உண்டு எழுந்த பிறகுதான் வீட்டார் இலையில் உட்காருவார்கள். நம் கல்யாணத்தில் உங்கள் தம்பிகள் கடைசிப் பந்தியில் வெறும் ரசச்சோறு சாப்பிட்டதை நானே பார்த்தேன். அழகான வழக்கம்தான். சோறு தீர்ந்தால் இன்னோர் உலை வைத்துக்கொள்ளலாம். அன்று மைதானத்தில் நடந்தது ஒரே பந்தி. இதைச் சொன்னேன். "உனக்கு இது புரியாது" என்று விசிலை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

பாயிண்ட்ஸ்மேன் வீட்டுப் பையன் கோல் காத்தான். இடைவேளையில் செந்தில் எலுமிச்சைத் துண்டுகளைத் தட்டில் வைத்து ஒவ்வொருவரிடமும் நீட்டினான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரயில் கார்டு வீட்டு அம்மா முழங்கையால் இடித்தார்.

"ஏனுங்க டீச்சர், ஊருக்கெல்லாம் எலை போட்டவரு, பெத்த பையன எலையெடுக்க உட்டுட்டாரே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும், "கோவிச்சுக்காதீங்க கண்ணு, வாய் சும்மா இருக்கறதில்ல" என்றார். நான் எப்படிக் கோபித்துக்கொள்வேன்? அந்த மைதானத்தில் உண்மை பேசியது அவர் ஒருவர்தான்.

பாயிண்ட்ஸ்மேன் பையன் நன்றாகவே ஆடினான். விடுதிக்குத் தேர்வானான். இன்று ரயில்வேயில் இருக்கிறான், எதிரே பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கிப் பேசுவான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

திரும்பி வரும்போது செந்தில் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஏப்பா, அவன் என்னய விட நல்லா நிக்கறானா?"

"இல்ல சாமி. நீதான் நல்லா நிக்கற."

ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னீர்கள். அவன் உன்னைவிட மேல் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால், மறுநாள் விடியற்காலை எழுந்து இன்னும் முட்டி மோதியிருப்பான். நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். அதன் பிறகு அவன் காலையிலும் மைதானத்துக்குப் போகவில்லை, சாயங்காலமும் போகவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் முடியாததுமாக, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியில் ஏறினான். இப்போது வடக்கே பெயர் தெரியாத ஊர்களில் துளை போடுகிறான்.

நீங்களோ பெரிய மனிதராகிவிட்டீர்கள். "பெத்த பையனையே உக்கார வெச்ச ஆளுங்க" என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்வீர்கள். குனிந்த முகத்தில் இருந்தது எனக்குத் தெரியும். உங்களுக்கு அது பிடித்திருந்தது. உட்கார வைத்ததைக்கூட விட்டுவிடுவேன். அந்தக் குனிந்த முகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன வாரம், இப்போது செட்டை நடத்தும் உங்கள் பழைய மாணவன் வீட்டுக்கு வந்தான்.

"டீச்சரக்கா, இந்த வருசம் சாரு பேர்ல கப்பு வெக்கறோமுங்க. நீங்கதான் வந்து குடுக்கோணும். அப்பறம், நம்ம மணியக் காலை செட்டுல சேத்துக்கறோம்."

"மணி அவ்வளவு நல்லாவா ஆடறான் தம்பி?"

அவன் தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க. சாரு பையனாச்சே."

நான் சிரித்துவிட்டேன். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை. அதே காரணத்துக்காக ஒருவனை வெளியே உட்கார வைத்தீர்கள். அதே காரணத்துக்காக இன்னொருவனை உள்ளே கூப்பிடுகிறார்கள். மணி உள்ளே போனால் யாருடைய பையனோ எலுமிச்சைத் தட்டைத் தூக்க வேண்டும்.

மணியிடம் கேட்டேன். என் ஆசையைச் சொல்லாமல் கேட்டேன். கண்ணாடி முன்னால் தலைசீவிக்கொண்டே, "எனக்கு சாயங்காலமே போதும்மா. காலை செட்டுல சிரிச்சா திட்டுவாங்க" என்றான்.

அந்தத் தம்பியிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பிடியே சாரு மாதிரியே இருக்கறீங்கக்கா" என்றான்.

"இல்ல தம்பி," என்றேன். "நான் பையனக் கேட்டேன்."

பள்ளிக்கூடத்தில் பெற்றோர்கள் வந்து, பெண்ணை எதில் சேர்ப்பது டீச்சர் என்று கேட்கும்போது, உங்கள் வாக்கியத்தைத்தான் இன்றும் சொல்கிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை. நல்ல வார்த்தை; சொன்னவர் வீட்டுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோப்பை. முன்வரிசையில் எனக்கு நாற்காலி போடுவார்கள். உங்கள் படத்துக்கு மாலை இருக்கும். பெற்ற மகனையே உட்கார வைத்த கதையை மைக்கில் சொல்வார்கள், நான் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வருகிறேன் என்று சொல்லியும் விட்டேன்.

மழைக்காலம் என்பதால் ரிக் வண்டிகள் ஊர் திரும்பியிருக்கின்றன. செந்தில் திருச்செங்கோட்டு ஷெட்டில்தான் இருக்கிறான். வீட்டுக்கு வரச் சொன்னால், வண்டிக்கு வேலை இருக்குதும்மா என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்துக்குப் போகப்போவதில்லை. விடிந்ததும் திருச்செங்கோடு பஸ் ஏறிவிடுவேன். அவனிடம் என்ன பேசுவது என்று தெரியாது, பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் மைக்கில் உங்கள் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதற்கு விலை கொடுத்தவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, மணியிடம்கூட.